வீட்டு விறாந்தையில் ஒரு சிங்கள வகுப்பு

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் டியூசனைப் பற்றிப் பேசுங்கள் அக்கா" என்றபோது நான் முதலில் மறுத்தேன். இந்தப் பாடசாலையிலிருந்து வைத்தியர்கள் வந்திருக்கிறார்கள், சட்டத்தரணிகள் வந்திருக்கிறார்கள். நான் பசறை வீதியில் என் வீட்டு விறாந்தையில் இரண்டு வாங்கைப் போட்டுக்கொண்டு, 25 வருடங்களுக்கு மேலாகத் தோட்டத்துப் பெண்களுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுப்பவள். பிற்பாடு சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். அவ்வளவுதான். "அதைத்தான் சொல்லச் சொல்கிறேன்" என்றார். ஆகவே வகுப்பறைக் கதையாகவே சொல்கிறேன்.

என் சிங்களம் எனக்கு எப்படிக் கைவிட்டது என்பதில் தொடங்க வேண்டும். படிக்கிற காலத்தில் சிங்கள எழுத்து முழுவதும் எனக்குத் தெரியும். சோதனையில் நல்ல புள்ளி. அம்மா கொழுந்து எடுத்தவர். தோட்டத்திலிருந்து விலகியபோது சேமலாப நிதிக் காசுக்காக அவரைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்து பாராமலே ஏதோ கேட்டார். நான் புத்தகத்தில் படித்தபடி, "மம பெமிணியெமி" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசையும் சிரித்தது. தமிழில் யாராவது கச்சேரிக்குப் போய், "யான் வந்துற்றேன் ஐயா" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது நான் சொன்னது. தமிழைப் போலவே சிங்களத்துக்கும் எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று. எனக்குக் கிடைத்தது எழுத்து மட்டும். அன்றைக்கு வேலை ஆகவில்லை. பஸ்ஸில் வரும்போது அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

காசு தாமதமானதற்கு இன்னொரு காரணம் பெயர். பாக்கியம் என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'ப' ஒன்றுதான். சிங்களத்தில் எழுதுகிறவர் காற்றொலி 'ப'வா, அதிரும் 'ப'வா என்று தீர்மானித்தாக வேண்டும். பிறப்புப் பதிவில் ஒருவர் ஒன்றை எழுதுவார், அடையாள அட்டையில் இன்னொருவர் மற்றதை எழுதுவார், தோட்டத்துச் செக்ரோலில் ஆங்கிலத்தில் மூன்றாவது விதமாக இருக்கும். ஒரே மனுஷி மூன்று பேராகிவிடுவாள். அம்மாவுக்கும் இதுதான் நடந்தது. தான் ஒரே ஆள் என்று நிரூபிக்க அவருக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

இதனால் என் வகுப்பில் எழுத்துப் பாடத்தின் முதல் நாள் அகரவரிசை கிடையாது. அவரவர் பெயரைச் சரியான சிங்கள எழுத்தில் எழுதுவதுதான் முதல் பாடம். அடுத்தது விண்ணப்பப் படிவத்தில் வரும் சொற்கள்: நம என்றால் பெயர், லிபினய என்றால் முகவரி, உபன் தினய என்றால் பிறந்த திகதி, அத்சன என்றால் கையெழுத்து. முப்பது சொல் போதும். ஒரு கிராம உத்தியோகத்தர் படிவத்தை நிரப்பும்போது எட்டிப் பார்த்து, "ஐயா, என் பெயரில் முதல் எழுத்து இது இல்லை" என்று சொல்ல முடிந்த பெண்ணுக்கு மிச்ச எழுத்துக்கள் தாமாக வந்து சேரும்.

ஆனால் எழுத்து வருவது இரண்டாவது மாதத்தில். முதல் மாதம் வாய் மட்டும். கொப்பி கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் கிழமை சிங்களத்தில் யாரிடம் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?" என்பதுதான். ஒருவருக்குக் கிளினிக், ஒருவருக்குப் பிள்ளையின் பாடசாலை அனுமதி, ஒருவருக்கு பஸ். அந்த வாக்கியங்களே அன்றைய பாடம்.

பஸ் வாக்கியத்தைப் பாருங்கள். "மே பஸ் எக பஸ்ஸரட்ட யனவாத?" இதைத் துண்டாக்கிக் காட்டுவேன். மே என்றால் இந்த. பஸ் எக, பஸ். பஸ்ஸரட்ட, பசறைக்கு. யனவாத, போகுதா. இந்த பஸ் பசறைக்குப் போகுதா? ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவில்லை. 'ட்ட' வந்தால் நம் 'க்கு', கடைசியில் 'த' வந்தால் நம் 'ஆ'. இதைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வருகிற ஆச்சரியத்துக்காகவே நான் இந்தத் தொழிலை விடவில்லை என்று நினைக்கிறேன். இதுவே ஆங்கிலமென்றால் வாக்கியத்தையே தலைகீழாகப் புரட்ட வேண்டும். சிங்களம் வட இந்திய மொழிக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம்; பிறப்பு வேறு. ஆனால் நூற்றாண்டுக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து வாக்கியம் கட்டும் முறை ஒன்றாகிவிட்டது. இந்த ஒற்றுமைகளைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கெயர் என்ற மொழியியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவரும் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சுசீந்திரராசாவும் களனியின் பேராசிரியர் கருணாதிலக்கவும் சேர்ந்து பேச்சுத் தமிழுக்கு ஓர் அறிமுக நூலும் எழுதினார்கள். நான் அதையெல்லாம் வெகு காலம் பிந்தித்தான் அறிந்தேன். அதற்கு முன்னே லயத்துப் பெண்கள் எனக்கு இதைக் காட்டிவிட்டார்கள்.

"மட்ட படகினி", எனக்குப் பசி. "மட்ட தேரென்னே நே", எனக்கு விளங்குதில்லை. "மட்ட சிங்ஹல டிக்கக் புளுவன்", எனக்குச் சிங்களம் கொஞ்சம் ஏலும். எல்லாவற்றிலும் 'நான்' இல்லை, 'எனக்கு'தான். "ஹெட்ட என்ன கியலா கிவ்வா" என்பது நாளைக்கு வாங்க என்று சொன்னாங்க. நம் 'என்று' அங்கே 'கியலா'வாக அதே இடத்தில் நிற்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல அனுமதியுங்கள். என்னோடு படித்த ஒருத்தி கனடாவில் இருக்கிறாள். அவளுடைய மகள் ஒரு பிரத்தியேக ஆசிரியரிடம் ஸ்பானிய மொழி படிக்கிறாள். "எனக்குத் தேநீர் பிடிக்கும்" என்பதற்கு ஸ்பானிய மொழியில் "மே குஸ்தா எல் தே" என்பார்களாம். ஆங்கிலத்தில் நினைக்கிற பிள்ளைக்கு அது குழப்பம்: நான் எங்கே போனது, தேநீர் ஏன் வினை செய்கிறது? தாய் எனக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். நான் பிள்ளையிடம், "மகள், ஆங்கிலத்தை ஒரு பக்கம் வை. அம்மாவோடு பேசுகிற தமிழில் நினை. 'மே' என்றால் எனக்கு" என்றேன். "கை வலிக்குது" என்பதற்கும் அப்படியேதான், "மே துவேலே லா மானோ". அவள் சிரித்துவிட்டு, "இது தமிழ்தானே அன்ரி" என்றாள். பிறகு மேசை, சப்பாத்து இரண்டையும் சொல்லிக்கொடுத்தேன். ஸ்பானியத்தில் மேசா, சபாத்தோ. போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன சொற்கள் அவை, ஸ்பானியம் போர்த்துக்கேயத்துக்குச் சகோதரி. சிங்களத்திலும் மேசய, சப்பாத்து. ஜன்னல் ஜனேலய, அலமாரி அல்மாரிய, பாண் பாணேதான். நம் பிள்ளைக்காம்பராவில் இருக்கிற காம்பராவும் அந்தக் கப்பலில் வந்ததுதான்.

ஸ்பானியம் எனக்குத் தெரியாது. நான் சொன்னது ஒரு வழி மட்டும்: புது மொழிக்குப் போகிற பிள்ளை தன் வீட்டு மொழியின் படியிலிருந்து கால் வைக்க வேண்டும். எந்த மொழி டியூசனுக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். சிங்கள வகுப்பிலும் முதல் நாளே கேட்பேன்: பாலம, கடே, இலக்கம, செரெப்பு, முருங்கா, தக்காளி, இவை என்ன? உங்களிடமிருந்து அவர்கள் எடுத்த சொற்கள். ஏற்கனவே இவ்வளவு சிங்களம் தெரியும், மிச்சம் கொஞ்சம்தான்.

சுலபமானவற்றைச் சொல்லிவிட்டேன். கடினமானது ஒலி. இதில்தான் நான் ஒரு தவறு செய்தேன்.

தமிழில் 'தம்பி'யில் வரும் 'த' வேறு, 'பந்து'வில் வரும் 'த' வேறு. ஒரே எழுத்து என்பதால் நாம் கவனிப்பதில்லை. சிங்களத்தில் இரண்டும் இரண்டு எழுத்து, பொருளே மாறும். பந்துவின் 'த' போட்டு 'அத' என்றால் இன்று. தம்பியின் 'த' போட்டு 'அத' என்றால் கை. அழுத்தி 'அத்த' என்றால் மரக்கிளை. இரண்டு உயிருக்கு நடுவே தனித் 'த' வந்தால் நம் நாக்கு அதைத் தானாகவே மென்மையாக்கிவிடும். ஆகவே கை என்று சொல்லப்போனால் இன்று என்றோ கிளை என்றோ வந்து விழும்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டியவர். வருடக்கணக்காகக் கொழுந்து பறித்ததால் மணிக்கட்டில் நோ. வைத்தியரிடம் தானே சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை, ஏனென்றால் மருமகன் மொழிபெயர்த்தால் பாதியை விட்டுவிடுவாராம். "மகே அத ரிதெனவா" என்று பழகினார். பந்துவின் 'த'. நான், "உங்கள் இன்றைக்கு வலிக்கிறதா?" என்று கேட்டுச் சிரித்தேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது கிழமை பஸ் ஏறிப் போய் லயத்தில் பார்த்தேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "நாப்பது வருசமா அவங்க சிரிச்சாங்க டீச்சர். நீங்களும் சிரிச்சீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் திரும்பி வரவே இல்லை. பேத்தியை அனுப்பினார்.

அலுவலகத்தில் என் காலடியில் நிலம் நழுவியது எதனால் என்று தெரிந்த நானே அதைச் செய்தேன். அதன்பின் என் வகுப்பில் பிழையைச் சொல்லித் திருத்துவதை நிறுத்திவிட்டேன். தொண்டையில் இரண்டு விரலை வைக்கச் சொல்வேன். 'தம்பி' சொல்லுங்கள், தொடக்கத்துத் 'த'வில் அதிர்வு இல்லை. 'பந்து' சொல்லுங்கள், 'த'வில் அதிர்கிறது. இப்போது 'அ' சொல்லிவிட்டுத் தம்பியின் 'த'வைச் சொல்லுங்கள். கை வந்துவிடும். 'க'வுக்குக் கடை, தங்கம். 'ப'வுக்குப் பல், அம்பு. சோற்றுக்குச் சிங்களத்தில் 'பத்' என்பது அம்பின் 'ப'. இரண்டு ஒலியும் ஏற்கனவே நம் வாயில் இருக்கிறது என்று தெரிந்தால் வெட்கம் பாதி போய்விடும். மீதி வெட்கத்துக்கு என்னிடம் இருக்கிற மருந்து ஒரு மேசையும் ஒரு கதிரையும்தான். நான் உத்தியோகத்தராகக் கதிரையில் இருப்பேன். நிமிர்ந்து பார்க்கமாட்டேன். பைலைப் புரட்டுவேன், வேகமாகப் பேசுவேன், நடுவில் தொலைபேசி எடுப்பேன். அவர்கள் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். எல்லோரும் முதலில் மனப்பாடம் செய்யும் வாக்கியம், "டிக்கக் ஹெமின் கியன்ன", கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்க. இந்த ஒன்று வாயில் இருந்தால் ஓட வேண்டியதில்லை, நிற்கலாம்.

சிலதை மறக்கவும் வைக்க வேண்டும். ஆண் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் 'உம்ப' பொறுக்கிக்கொண்டு வருவார்கள். கூட்டாளிகளுக்குள் சரி, ஓர் உத்தியோகத்தரிடம் சொன்னால் காரியம் கெட்டது. பெயருக்குப் பதில் 'மஹத்தயா', 'மிஸ்' என்று பழக்குவேன்.

இனி, எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி. இந்த மண்டபத்திலேயே காலையில் ஒரு தங்கை கேட்டாள். "நாங்கள் ஏன் அக்கா சிங்களம் படிக்க வேண்டும்? அவர்கள் அல்லவா தமிழில் சேவை தர வேண்டும்?" அவள் கேட்டது நியாயம். 1948இல் நம் பெரியவர்களின் பிரஜாவுரிமை போனது. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்றானது. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் வந்தன. ஆகவே தமிழில் கேட்பதும் தமிழில் பதில் பெறுவதும் உரிமை. என்னிடம் வருகிற பெண்களுக்கு இதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். சிங்களம் பேசத் தெரிந்தவளுக்குத்தான், "தமிழ்ப் படிவம் தாருங்கள்" என்று சிங்களத்திலேயே கேட்கும் தைரியம் வருகிறது. இதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். ஆனாலும் அந்தத் தங்கைக்கு நான் முழுப் பதில் வைத்திருக்கவில்லை. மணிக்கட்டு வலியோடு இருக்கிற ஒரு பெண்ணை, அரசாங்கம் தமிழ் படிக்கும் வரை பொறுங்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

மறு பக்கத்துக்கும் வேலை செய்கிறேன். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அந்த ஆண்டு ஜூலைக்குப் பிறகு சேரும் அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அதன்பிறகு என் வாங்கில் சிங்களப் பிள்ளைகளும் வந்து இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழில் சிரமம் வினைமுற்று. பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவர் யாராக இருந்தாலும் 'யனவா' ஒன்றுதான். தமிழில் போறேன், போறீங்க, போறார், போறாங்க. நம் பெண்களுக்குச் சிங்களத்தில் கிடைத்த சலுகை இவர்களுக்குத் தமிழில் சுமை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. இந்த மலையில் வளர்ந்த சிங்களப் பிள்ளைகள் பலருக்குக் கொஞ்சம் தமிழ் ஏற்கனவே தெரியும். அது எந்தத் தமிழ்? 'வா', 'போ', 'இங்க நில்லு'. துரைமாரும் கங்காணிமாரும் பிரட்டுக்களத்தில் பேசிய தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் ஃபெர்கூசன் நிறுவனத்தார் வெள்ளைக்காரச் சின்னத்துரைமாருக்காக ஒரு கைநூல் போட்டார்கள். சட்டைப்பையில் வைத்துத் தமிழ் படிப்பதற்கான நூல். அதன் பெயரே 'இங்கே வா'. அந்த இரண்டு சொல்தான் தமிழ் மொழிக்கு வாசல் என்று நினைத்திருக்கிறார்கள். ஆகவே உத்தியோகத்தர் வகுப்பில் என் முதல் பாடம் 'வாங்க'. இரண்டாவது 'உட்காருங்க'. ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை, பிரதேச செயலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர், "டீச்சர், நான் இவ்வளவு நாளும் வயது போன அம்மாமாரை 'வா' என்றா கூப்பிட்டேன்? ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார். சொல்லமாட்டார்கள் மகன் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை இரண்டு வகுப்புக்கும் நடுவே அரை மணி நேரம் கலந்து வைக்கிறேன். சிங்களப் பிள்ளை கதிரையில் இருந்து தமிழில் கேட்க வேண்டும், தோட்டத்துப் பெண் நின்று சிங்களத்தில் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் பிழை விடுவதால் ஒருவரும் சிரிப்பதில்லை. போன மாதம் ஸ்பிரிங்வெளி அம்மாவின் பேத்தி அப்படி நின்றாள். கதிரையில் இருந்த பிள்ளை, "உட்காருங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வராமல் கொப்பியைப் பார்த்தார். அவள் அவருக்குத் தமிழில் எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு வேண்டுகோள். என்னிடம் கதிரையில் இருக்க ஆள் போதாது. நானே எப்போதும் உத்தியோகத்தராக இருந்தால், என்னைத் தெரியும் என்பதால் அவர்களுக்குப் பயம் வருவதில்லை. இந்த மண்டபத்தில் கச்சேரியில், வங்கியில், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்காமார் பலரைக் காண்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு வந்து, அரை மணி நேரம் நிமிர்ந்து பாராமல் பைலைப் புரட்டித் தந்தால் போதும். தேத்தண்ணியும் வடையும் என் பொறுப்பு. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வீடியோவிலும் உத்தியோகத்தராகலாம், லயன் சிக்னல் கிடைத்தால்.